இவர் நம்பர் எழுதப் போன கதை

லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருபத்துநான்கு வருஷம் இருந்துவிட்டு, ஒரு கிராமத்துக்குக் கடை நடத்தப் போகிறோம் என்று சொன்னபோது சொந்தக்காரர் எல்லாரும் எனக்குத்தான் போன் எடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒருவரும் எடுக்கவில்லை. அவர் ஒன்றை முடிவெடுத்தால் பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். "அங்க கோயிலும் இல்ல, முருங்கைக்காயும் இல்ல, ஒரு தமிழ்ச் சனமும் இல்ல. ஆரோட கதைக்கப் போறாய்?" என்று நோர்பரியில் இருக்கும் என் தங்கை கேட்டாள். "ஆடு மாடோட கதைப்பன். அதுகள் உன்னைப்போலத் திருப்பிக் கதைக்காதுகள்" என்று சொல்லிப் போனை வைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

லண்டன் பஸ் வந்து திரும்புகிற கடைசித் தரிப்பிடத்திலிருந்து இன்னும் அரை மணி நேரம் காரில் போனால் அந்தக் கிராமம் வரும். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு சின்னப் பள்ளிக்கூடம், எங்கள் கடை. ஊருக்கு நடுவால் ஒரேயொரு வீதி. அது மேட்டிலிருந்து இறங்கி, வளைந்து, எங்கள் கடை வாசலை உரசிக்கொண்டு போகும். மேட்டில் ஏறும்வரை எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத்தான் ஓடுவார்கள். இறங்கும்போது பார்க்கவேண்டும், ஏதோ வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள்போல ஒரு பறப்பு.

கவுன்சில் என்றால் எனக்குத் தெரிந்தது குப்பை அள்ளுகிற, பார்க்கிங் டிக்கெட் ஒட்டுகிற லண்டன் கவுன்சில்தான். இங்கே கிராமத்துக்கென்று தனியாக ஒரு குட்டிக் கவுன்சில் இருந்தது. ஏழு பேர். மாதம் ஒருமுறை தேவாலய மண்டபத்தில் பிஸ்கட் தட்டைச் சுற்றியிருந்து நாய்ப்பீயைப் பற்றி இரண்டு மணி நேரம் கதைப்பார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, நான் போய் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் கத்தமாட்டார், ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பமாட்டார். எங்கள் கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களைக் கண்ட எனக்கு அது ஒரு கூட்டமாகவே தெரியவில்லை.

அந்தக் கவுன்சில் மாதாமாதம் நாலு பக்கத்தில் ஒரு செய்தித்தாள் போடும். எங்கள் கடைக் கவுண்டரில்தான் அடுக்கி வைப்பார்கள். கடைசிப் பக்கத்துக்கு 'சமூகப் பாதுகாப்பு' என்று தலைப்பு. அதை நான் ஒரு மாதமும் விடாமல் வாசித்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் இருந்த களிமண் தவளையைக் காணவில்லையாம். தேவாலயக் கதவடியில் யாரோ ஒற்றைச் சப்பாத்தை விட்டுப் போயிருக்கிறாராம். எது களவு போனாலும், களவெடுத்தவர்கள் 'லண்டன் பக்கமிருந்து' வந்திருக்கலாம் என்று முடியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு லண்டன் பக்கமிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் தவளைக்காக நான் உண்மையாகவே கவலைப்பட்டேன், பாவம், அந்த வீட்டு அம்மா அதற்கு ஒரு தொப்பி பின்னிப் போட்டிருந்தவர்.

நாங்கள் போன இரண்டாம் மாதம் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய விஷயம் வந்தது. விடிய முன்னம் அறிமுகமில்லாத வெள்ளை வான் ஒன்று கடை வாசலில் நின்றதாம். இரண்டு ஆண்கள் பாரமான மூட்டைகளை அவசர அவசரமாக உள்ளே கொண்டு போனார்களாம். எல்லாரும் அவதானமாக இருக்கவேண்டுமாம். வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்துவிட்டது. "இஞ்சேருங்கோ, எங்கட கடைக்குள்ள ஆரோ பூந்திருக்கிறாங்கள்!" என்று கத்தினேன். இவர் வந்து கண்ணாடியை மாட்டி ஆறுதலாக வாசித்தார். "அது உம்மட தம்பியும் நானும் அரிசி இறக்கினது" என்றார். அந்தத் தாளை வெட்டி நான் இன்னும் வைத்திருக்கிறேன். தம்பி மிச்சத்தில் போகுமிடமெல்லாம் தன்னை ஒரு கிராமமே தேடுவதாகச் சொல்லித் திரிந்தான்.

எங்கள் கடைக்கு நேரே எதிர்வீட்டில் ஒருத்தி தனியாக இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். வீட்டிலிருந்தபடியே போனில் ஏதோ ஒரு கம்பனிக்கு வருகிற முறைப்பாடுகளைக் கேட்கிற வேலை. "நாள் முழுக்கப் பேச்சு வாங்கிற வேலை" என்று சொல்லுவாள். அவள் சொன்னது இங்கிலீசில், நான் என் தமிழில் எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு வெள்ளைத் தடியோடு வீதியைக் கடந்து வருவாள். கதவைத் திறந்ததும் மூக்கை உயர்த்தி, உள்ளே குசினியில் என்ன கறி என்று சொல்லுவாள். கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் கடைசிவரைக்கும் அவளால் பிடிக்க முடியவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

அவள் வாசலில் தடியோடு நிற்கக் கண்டால் இவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். வீதி நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று கார்களை மறிப்பார். யாழ்ப்பாணத்தில் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரன் தோற்றுப்போவான். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. "எனக்குக் காவல்காரன் வேண்டாம், கடவை வேண்டும்" என்று ஒருநாள் இவர் முகத்துக்கு நேரே சொன்னாள். வீதியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பாதசாரிக் கடவை. அதைத்தான் அவள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு ஒரு அவசரமும் இருந்தது. அந்த வீடு தாய் தகப்பன் விட்டுப்போனது, அவளுக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. கடலோரப் பட்டினம் ஒன்றில் இருந்த அக்கா, வீட்டை விற்றுவிட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வரச் சொல்லி நின்றாள். அக்காவைக் குறை சொல்ல முடியாது. இந்த வீதியில் தங்கச்சி ஒருநாள் அடிபட்டுக் கிடப்பாள் என்று அவளுக்குப் பயம். "இந்த வீட்டுக்குள் எனக்குக் கண் தேவையில்லை. எத்தனை படி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் காலுக்குத் தெரியும்" என்று ஒருநாள் கவுண்டரில் நின்று சொன்னாள். "புது வீட்டுக்குப் போனால் அன்றைக்குத்தான் நான் குருடி." நான் இரண்டு பாண் ரொட்டிக்குப் பதிலாக மூன்றைப் பையில் போட்டுவிட்டேன்.

கடவை போடுவது குட்டிக் கவுன்சிலின் கையில் இல்லை. அதற்கு மேலே ஒரு பெரிய கவுன்சில், வீதியெல்லாம் அவர்களுடையது. உங்கள் ஊரில் சனம் வேகமாக ஓடுகிறது என்று சும்மா சொன்னால் போதாது, ஆதாரம் காட்டு என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். ஆதாரத்துக்கு ஒரு வழி இருந்தது. ஊர்ச்சனமே மூன்று பேராகச் சேர்ந்து மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வீதியோரம் நிற்க வேண்டும். ஒருவர் கையில் வேகம் அளக்கிற கருவி. ஒருவர் காரின் நம்பரையும் நிறத்தையும் சத்தமாகச் சொல்லவேண்டும். மூன்றாம் ஆள் எழுதவேண்டும். முப்பது மைல் வீதியில் முப்பத்தைந்தைத் தாண்டுகிற எல்லாரையும் எழுதிப் பொலிசுக்கு அனுப்பினால், பொலிஸ் சொந்தக்காரருக்குத் தன்மையாக ஒரு கடிதம் போடும். இரண்டாம் தரம் கொஞ்சம் கடுமையான கடிதம். மூன்றாம் தரம் வீட்டுக்கே ஆள் வரும். தண்டமெல்லாம் கிடையாது.

குட்டிக் கவுன்சிலின் தலைவர் கருவியைப் பிடிக்கச் சம்மதித்தார். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வெடுத்தவர், வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். நம்பர் சொல்ல, முன்பு அந்த ஊரில் தபால் போட்டுத் திரிந்த ஒரு அம்மா. எழுத ஆள் இல்லை. மண்டபத்தில் எல்லாரும் தங்கள் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருக்க, என் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. நான் இவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விடுறியள்" என்று காதுக்குள் சொன்னேன். "அந்தப் பிள்ளை பாவமப்பா" என்றார்.

மேலங்கி வந்த அன்று கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தார். முழங்கால்வரை தொங்கியது. படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். "அத்தானுக்கு எந்த ரோட்டில வேலை கிடைச்சிருக்கு?" என்று தங்கை எழுதினாள். "நான் வேகமா வந்தால் விடுவியளோ அத்தான்?" என்று தம்பி கேட்டான். இவர் சிரித்துக்கொண்டு ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

வசந்த காலம் முழுவதும், கிழமையில் இரண்டு நாள், மூன்று பேரும் தேவாலய மதிலோரம் நின்றார்கள். நான் கடைக் கண்ணாடியால் பார்ப்பேன். தலைவர் பீரங்கியைப் பிடித்ததுபோலக் கருவியைப் பிடித்திருப்பார். தபால்கார அம்மா கூவுவார். இவர் எழுதிக்கொண்டே போகிற வருகிற எல்லாருக்கும் கை காட்டுவார், எல்லாரும் கடைக்கு வருகிற ஆட்கள்தானே. கை காட்டக்கூடாது என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே இரண்டொரு பேருக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டார். தாள் தாளாக எழுதி அனுப்பினார்கள். இனிக் கடவை வந்தமாதிரித்தான் என்று எதிர்வீட்டுக்காரி அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னதும் எனக்குத் தெரியும்.

கோடை தொடங்கும்போது தலைவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். பொலிஸ் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டதாம். ஒரு நம்பரும் காரோடு பொருந்தவில்லை. ஒரு சின்னச் சிவப்புக் காரின் நம்பர் எங்கோ ஒரு குதிரை ஏற்றுகிற லொறியின் நம்பராம். இன்னொன்று இந்த நாட்டிலேயே இல்லாத நம்பராம். ஆதாரம் செல்லாது, ஆகவே கடவையும் இல்லை என்று பெரிய கவுன்சில் எழுதிவிட்டது. "ஒருவரையும் குறை சொல்லவில்லை" என்று தலைவர் மிகவும் தன்மையாகச் சொன்னார். "எங்கள் உச்சரிப்பு உங்கள் கணவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கலாம்."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "முப்பது வருஷம் இந்த நாட்டில் இருக்கிறார்" என்றேன். "வீடுகளுக்குச் சாமான் அனுப்பப் போனில் ஆயிரம் விலாசம் கேட்டு எழுதுகிற ஆள். உங்கள் கார் நம்பர் என்ன, உங்கள் மகளின் கார் நம்பர் என்ன, கேட்டுப் பாருங்கள், நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவார்!" தலைவரின் முகம் சிவந்துவிட்டது. தேவையில்லாமல் இரண்டு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். கதவு சாத்துப்பட்ட பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. நித்திரையிலும் நம்பர் சொல்லுகிற மனுஷன் எப்படி எல்லாவற்றையும் பிழையாக எழுதினார்? திரும்பிப் பார்த்தேன். இவர் வெங்காயப் பெட்டியடியில் குந்தியிருந்து, ஏற்கெனவே அடுக்கின வெங்காயத்தைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேணுமெண்டே செய்தனீங்களோ?"

"ஒவ்வொண்டிலயும் ஒரு எழுத்துத்தான் மாத்தினனான்" என்றார்.

"உங்களுக்கு விசரோ?"

வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பொலிசுக்கு ஆக்களைக் காட்டிக் குடுக்கிறதெண்டால் என்ர கை வருகுதில்லை."

கலியாணம் முடித்த வருஷம் ஒரேயொரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். இவருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். ஜீப்புக்குள் ஒருவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்கு ஆட்டவில்லை. இவருக்குப் பின்னால் நின்றவனுக்கு ஆட்டினான். பின்னால் நின்றவன் இவரோடு ஒன்றாகப் படித்தவன், அவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை. சாக்குப் போட்டிருந்தவனின் செருப்பை இவருக்குத் தெரிந்திருந்தது. அது இவருடைய ஒழுங்கையிலேயே இருந்த ஒருவனின் செருப்பு.

"இஞ்ச ஒரு கடிதம்தானே போகும்" என்றேன். "ஒருத்தரையும் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம்."

"எனக்குத் தெரியாதே? மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்ல."

எனக்கு ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் பொல்லாத ஆத்திரம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. எழுத ஏலாது என்று முதலே சொல்லியிருந்தால் வேறொருவர் எழுதியிருப்பாரே, அந்தப் பெண்ணின் வீடு தப்பியிருக்குமே என்று வாய் ஓயும்வரை பேசினேன். அன்று இவருக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது.

அடுத்த கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை. இவர் பின்னால் பாண் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார், அதனால் எதிர்வீட்டுக்காரி தடியோடு இறங்கியதைக் காணவில்லை. நான் கண்ணாடியால் கண்டேன். மேட்டிலிருந்து பச்சை வான் ஒன்று வந்தது. "நில்!" என்று தமிழில்தான் கத்தினேன். அவள் நின்றாள். வான் தடியைத் தட்டிக்கொண்டு போனது. தடி சுழன்று தேவாலய மதிலில் போய் விழுந்தது. வான் நிற்கவே இல்லை.

நான் ஓடிப்போய் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். "இன்றைக்குப் பருப்பு, சரியா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன வான் என்று இவர் கேட்டார். பின்கதவு சரியாகப் பூட்டாமல் கடகடவென்று அடிக்கிற வான் என்றாள் அவள். இவர் பால் பெட்டியின் மேலே பொத்தென்று இருந்துவிட்டார். அந்த வானை இவருக்குத் தெரியும். வசந்தத்தில் இரண்டு தரம் அதை எழுதியிருக்கிறார், இரண்டு தரமும் ஒரு எழுத்தை மாற்றி.

ஒளித்திருக்கலாம். நான் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் இவர் அந்த இடத்திலேயே, தன்னுடைய இங்கிலீசில், எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். மைதானத்தைச் சொன்னார், சாக்கைச் சொன்னார், தான் மாற்றின எழுத்துகளைச் சொன்னார். அவள் முகத்தை இவர் பக்கம் திருப்பி, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் செய்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது" என்றாள். "வான்காரனைக் காப்பாற்றினீர்கள். என்னை யார் காப்பாற்றுவது?"

இவர் அவளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கடைக்குத் திரும்பாமல் அப்படியே தலைவரின் வீட்டுக்கு நடந்தார். என்ன கதைத்தார்கள் என்று முழுவதும் எனக்குத் தெரியாது. தலைவர் எழும்பிப் போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தாராம். இந்தச் சனத்துக்குச் செத்தவீட்டுக்கும் தேநீர், கலியாணவீட்டுக்கும் தேநீர், ஆனால் அன்றைக்கு அது சரியான மருந்துதான். பெரிய கவுன்சிலுக்கு அவரே எழுதி, இலையுதிர் காலத்தில் இன்னொரு தவணை வாங்கித் தந்தார். அக்கா ஏற்கெனவே வீடு விற்கிற ஆளோடு வந்து அறைகளையெல்லாம் அளந்துவிட்டாள். மார்கழி நத்தார்ப் பண்டிகை முடியும்வரை மட்டும் பொறுப்பதாகச் சொன்னாள்.

இந்த முறை தலைவர் தானே எழுதுவதாகவும் இவர் கருவியைப் பிடித்தால் போதும் என்றும் சொன்னார். "இல்லை, நான்தான் எழுதவேணும்" என்று இவர் நின்றுவிட்டார். இன்னுமொரு தரம் கை வராமல் போனால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

முதல் நாள் ஒரு சனிக்கிழமையாகப் போய்விட்டது. நான் வழக்கம்போல மிச்சத்துக்குப் போய் அரிசி, கறிவேப்பிலை, தங்கை தந்த பலகாரப் பெட்டி என்று கார் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் ட்ராம் கடக்கிற இடத்தில் தாமதம், பிறகு வீதி வேலை. இவர் மேலங்கியோடு வெளிக்கிட்டிருப்பார், கடைக் கதவில் 'பத்து நிமிஷத்தில் வருவோம்' என்ற அட்டை ஒரு மணி நேரமாகத் தொங்கும் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே மேட்டில் ஏறினேன். இறங்கும்போது மூன்று மஞ்சள் மேலங்கிகளும் தெரிந்தன.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரியென்ன, கந்தோரென்ன, விமான நிலையமென்ன, உள்ளே தெரிந்த ஒருவர் நிற்கிறார் என்றால் வரிசையும் சட்டமும் எங்களுக்கில்லை. எங்கட ஆள்தானே நிற்கிறார் என்று என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. மாறாக, கண்ணாடியை இறக்கிக் கையை வேறு காட்டினேன். தபால்கார அம்மா வாயைத் திறந்தவர் மூடவில்லை. தலைவர் கருவியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்து எழுதுவதைக் கண்டேன். பின்னேரம் தேநீர் கொடுக்கும்போது, "என்ர நம்பரையும் மாத்தி எழுதினியளோ?" என்று பகிடியாகக் கேட்டேன். "ம்" என்றார். அந்தக் கிழமை தபால்கார அம்மா கடைக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு என்னோடு என்ன கோபமோ என்று நினைத்தேன்.

மழை, குளிர் என்று பார்க்காமல் நின்றார்கள். அந்தப் பச்சை வானும் இரண்டு தரம் அகப்பட்டது. கிழமைக்குக் கிழமை தாள்கள் போயின, நத்தார்வரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தை மாதச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில், நாய்ப்பீக்கும் மேலே, கடவை வரப்போகிறது என்று போட்டிருந்தார்கள். நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசி என்றாள். மூன்று தரம் வாசித்தேன். பிறகு எங்கள் கடைப் போனிலேயே அக்காவைக் கூப்பிட்டு, "நான் வரவில்லை" என்றாள். அந்தப் பக்கத்தில் அக்கா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

பங்குனியில் கோடு போட்டார்கள். அவள் முதல்முறை கடந்தபோது இவர் வெளியே ஓடக்கூடாது என்று கதவை நான் மறித்துக்கொண்டு நின்றேன். ஒரு கார் வந்து, ஆறுதலாக நின்றது. அவள் பாதி வழியில் நின்று, அந்தக் கார் நிற்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வந்து பாண் வாங்கினாள்.

சித்திரையில் குளிர்ப்பெட்டி பழுதாகிவிட்டது. உத்தரவாதப் பத்திரத்தைத் தேடி இவருடைய மேசை லாச்சியைக் கிண்டினேன். பழைய கலண்டருக்குக் கீழே பொலிஸ் முத்திரையோடு ஒரு கடிதம் இருந்தது, என் பேருக்கு. போன புரட்டாதியில் வந்தது, உடைத்திருந்தது. என்னுடைய வாகனம் முப்பது மைல் வீதியில் நாற்பத்தொரு மைலில் ஓடியதாகவும், இது உயிர்களுக்கு ஆபத்து என்பதைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும் என்றும் எழுதியிருந்தது. என் கார் நம்பர் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனேன். இவர் கண்டுவிட்டார்.

"இதை ஏன் எனக்குக் காட்டேல்ல?"

"நீர் கத்துவீர் எண்டு."

பொலிசுக்குப் பயந்தது போய், இப்போது எனக்குப் பயந்திருக்கிறார்! "ஊர் முழுக்க எத்தினை கார் ஓடுது, எத்தினை விசருகள் ஓடுதுகள்" என்று தொடங்கினேன். "கட்டின பெண்சாதியைத்தான் முதல் பிடிச்சுக் குடுக்கக் கிடைச்சுதோ? அண்டைக்கு வேற ஒரு காரும் வரேல்லையோ?"

"வந்தது. உமக்கு முன்னால ரெண்டு வந்தது" என்றார். "பேனையை வைச்சுக்கொண்டு நிண்டனான், எழுத ஏலேல்ல. பேந்து நீர் வந்தீர். மற்றவையின்ர வீட்டைக் காட்ட முதல் என்ர வீட்டைக் காட்டவேணும் எண்டு பட்டுது. உம்மட நம்பரை எழுதினன். அதுக்குப் பிறகு கை நடுங்கேல்ல."

எனக்குச் சத்தம் வரவில்லை. முப்பது வருஷத்தில் அதுதான் முதல்தரம் என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், சொல்லட்டும். கடிதத்தை மடித்துக் கொண்டுபோய், எங்கள் கலியாணப் பதிவுப் பத்திரம் இருக்கிற பைலுக்குள் வைத்தேன்.